பின்சக்கரத்தின் முட்டுக்கட்டை

வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் புது வண்டிக்குப் பூஜை போடும்போது நான்கு சக்கரத்தின் அடியிலும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நான்கும் ஒரே கூடையில் எடுத்தவை, ஒரே அளவு. முருகன் பாரபட்சம் பார்ப்பதில்லை. காரைச் செய்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். முன்சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால் பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு தெரியும், அது டிஸ்க். பின்சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால் கவிழ்த்து வைத்த சட்டிபோல ஒன்று, துரு நிறத்தில், அது ட்ரம்.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் இந்தச் சாலையில் வண்டி என்பது வெறும் வண்டியல்ல, பிழைப்பு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, டைம்லர், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு. ஷிஃப்ட் முடிந்து பேருந்தில் திரும்பும் இளைஞர்களில் பலருக்கு நட்டு போல்ட்டு அளவு மனப்பாடம். அவர்களில் ஒருவர் பழைய சான்ட்ரோ ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1998-இல் இதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கிய கார் அது. முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். அவருடைய மோட்டார் சைக்கிளிலோ முன்னும் பின்னும் டிஸ்க். உடனே கேள்வி எழும்: காருக்கும் பின்னாடி டிஸ்க் மாட்டினால் சட்டென்று நிற்காதா? கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடித்துவிட்டானா?

காசு மிச்சம் என்பது உண்மைதான், ட்ரம் மலிவு. ஆனால் அது பாதி பதில். மீதிப் பாதிக்குக் காரின் எடை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஓட்டம் எங்கே போகிறது?

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்கிறோம். உண்மையில் அது ஓர் அடுப்பு. ஓடுகிற வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வினால் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் அதன் வேலை.

ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க இதே காரைத்தான் நிறுத்தப் போகிறோம். ஓட்டுநரும் சாமானும் சேர்த்து 1,000 கிலோ. வேகம் மணிக்கு 80 கி.மீ. இந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றலைக் கொண்டு, நம்மூர் வெயிலில் இருந்த தண்ணீரை முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமாகவே கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஐந்தாறு பேருக்குக் காப்பி. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பிக்கான தண்ணீர் என்றதும் சின்ன விஷயமாகத் தோன்றலாம். வீட்டு அடுப்பில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். கார் அதை மூன்றே விநாடியில் முடிக்கிறது. சான்ட்ரோவின் எஞ்சின் 55 குதிரைத்திறன் கொண்டது; அந்த மூன்று விநாடியில் பிரேக்குகள் ஆற்றும் வேலையோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காரிலேயே பலசாலி எஞ்சின் அல்ல, பிரேக்.

அப்படியானால் பெரிய பிரேக் போட்டால் இன்னும் சீக்கிரம் நிற்குமா? நிற்காது. பிரேக் பிடித்து நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். காரை நிறுத்துவது டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு. சக்கரம் சுற்றாமல் இறுகி நின்ற பிறகு அதற்குமேல் எவ்வளவு பலமாக அழுத்தினாலும் பயனில்லை. டயர் தேய்ந்துகொண்டே சறுக்கும். பழைய சான்ட்ரோவின் சாதாரண பிரேக்கே காய்ந்த சாலையில் சக்கரத்தை இறுக்கிவிடும் பலம் கொண்டதுதான். எனவே நிற்கும் தூரத்தைக் குறைக்க நினைப்பவர் மெக்கானிக் கடைக்குப் போவதற்கு முன் டயர் கடைக்குப் போகலாம்.

பேருந்தில் நின்றவருக்குத் தெரியும்

நகரப் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்றிருக்கிறீர்களா? ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் உடம்பு முன்னால் சாயும். குதிகாலில் இருந்த பாரம் முன்காலுக்கு வந்துவிடும். காருக்கும் அதேதான். பிரேக் பிடித்ததும் மூக்கு தாழும், பிட்டம் எழும். பின்சக்கரத்தின் மேலிருந்த எடையில் ஒரு பகுதி முன்சக்கரத்துக்குப் போய்விடும். இதை எடைப் பெயர்வு என்று அழைப்போம்.

எவ்வளவு பெயரும்? நம் காரில் எஞ்சின் முன்னால் இருப்பதால், நின்றிருக்கும்போதே முன்சக்கரங்கள் மேல் 600 கிலோ, பின்சக்கரங்கள் மேல் 400 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். சான்ட்ரோவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 238 செ.மீ. காரின் எடைமையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நல்ல டயர், காய்ந்த தார். இந்த நிலையில் டயர், தன்மேல் உள்ள பாரத்தில் 80 சதவீத அளவுக்குச் சாலையைப் பற்றிப் பிடிக்கும். முழு பிரேக் போட்டால் பின்னாலிருந்து முன்னால் போகும் எடை சுமார் 185 கிலோ.

இப்போது முன்னால் 785, பின்னால் 215. ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கு முன்னால்!

டயரின் பிடிப்பு அதன் மேலுள்ள பாரத்தைப் பொறுத்தது என்பதால், பிரேக் வேலையையும் அதே விகிதத்தில்தான் பங்கிட முடியும். முன் இரண்டு சக்கரங்கள் 78 பங்கு, பின் இரண்டும் சேர்ந்து 22 பங்கு. இப்படிச் சரியாகப் பங்கிட்டால் கார் சுமார் 31 மீட்டரில் நிற்கும். ஒரு பின்சக்கரத்துக்கு வருவது மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு சக்கரத்திலும் 4 கிலோ வார்ப்பிரும்பு இருக்கிறது என்று வைத்தால், அந்த ஒரு நிறுத்தத்தில் முன் டிஸ்க் 50 டிகிரிக்கு மேல் சூடேறும். பின் ட்ரம் 14 டிகிரிதான் ஏறும். கைவிட்டுத் தொட்டுப் பார்த்தால் (பார்க்காதீர்கள்) வித்தியாசம் உடனே புரியும்.

அதாவது பின் பிரேக் பலவீனமாக இருப்பது குறையல்ல. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இறகு இழந்த அம்பு

சும்மா கூடுதல் பலம் இருந்துவிட்டுப் போகட்டுமே, கெடுதல் என்ன என்று கேட்கலாம். கெடுதல் உண்டு, பெரிய கெடுதல்.

சுற்றும் சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் தன் தடத்தைப் பிடித்துக்கொள்ளும். இறுகிப்போன சக்கரத்துக்கு அந்தத் திறமை இல்லை. அதற்கு முன்பக்கம், பக்கவாட்டு என்ற பேதமே கிடையாது; எந்தப் பக்கம் தள்ளினாலும் வழுக்கும். முன்சக்கரங்கள் முதலில் இறுகினால் ஸ்டியரிங் வேலை செய்யாது, கார் நேராகச் சறுக்கிக்கொண்டு போகும். அதுவும் ஆபத்துதான், ஆனால் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் மீளலாம். பின்சக்கரங்கள் முதலில் இறுகினால் கதையே வேறு. அம்பின் பின்னால் இறகு கட்டுவது எதற்கு? வால் வாலாகவே இருப்பதற்கு. இறகைப் பிய்த்துவிட்டால் அம்பு குறுக்கே திரும்பும். பின்சக்கரத்தின் பிடிப்புதான் காரின் இறகு. அது போனால் பிட்டம் முன்னே வரப் பார்க்கும். ஓட்டுநர் என்ன நடக்கிறது என்று உணர்வதற்குள் கார் பாதி சுற்றியிருக்கும்.

ஆகவே எந்தக் கார் வடிவமைப்பாளருக்கும் முதல் விதி: முன்சக்கரம் இறுகுவதற்கு முன் பின்சக்கரம் இறுகக்கூடாது. இதற்காகவே பல சிறு கார்களின் பிரேக் குழாயில் பங்கீட்டு வால்வு ஒன்று இருக்கும். பெடலை ஓங்கி மிதிக்கும்போது பின்பக்கம் போகும் அழுத்தத்தை இது மட்டுப்படுத்தும். ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தைப் போன்ற இடங்களில் சோதனைத் தடம் போட்டு வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதில், பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்கிறதா என்பதும் சேர்த்தி.

சட்டிக்குள் ஒரு தேர்

ட்ரம்முக்கு டிஸ்க்குக்கு இல்லாத ஒரு வித்தை தெரியும். அதைப் புரிந்துகொள்ள, தேரோட்டம் பார்த்திருந்தால் போதும்.

தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுவார்கள். ஆப்பு வடிவில் சீவிய கட்டையைச் சக்கரத்தின் முன்னால் செருகுவார் ஒருவர். அத்தனை டன் தேரை அந்த ஒரு மனிதரின் கைப்பலமா நிறுத்துகிறது? கட்டையை நுனியில் செருகுவதோடு அவர் வேலை முடிந்தது. உருண்டு வரும் சக்கரமே கட்டையைத் தன் அடியில் இழுத்து, அதன்மேல் ஏறி, தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். தேரின் ஓட்டமே தேருக்கு எதிராகத் திரும்பிவிடும்.

ட்ரம்முக்குள்ளும் இதுதான் நடக்கிறது. சட்டிக்குள்ளே பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள். இரண்டும் கீழே ஊன்றி நிற்கும். மேலே நடுவில் வீல் சிலிண்டர் என்ற சிறு உருளை. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அந்த உருளையின் பிஸ்டன்களை இருபுறமும் தள்ளும். ஷூக்கள் விரிந்து சுற்றும் ட்ரம்மின் உள்சுவரில் உரசும். கார் முன்னோக்கிப் போகும்போது, முன்பக்க ஷூவை ட்ரம் தன்னோடு இழுத்து, கீழே ஊன்றிய முனையை நோக்கி அமுக்குகிறது. ஷூ இன்னும் பலமாகச் சுவரில் அழுந்துகிறது. அழுந்த அழுந்த இன்னும் இழுபடுகிறது. முட்டுக்கட்டையேதான். இதற்குச் சுயப்பிடிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பின்பக்க ஷூவுக்கு இது எதிர்மாறாக நடக்கும், ட்ரம் அதைச் சுவரிலிருந்து விலக்கப் பார்க்கும். காரை ரிவர்ஸ் எடுத்தால் இரண்டு ஷூக்களும் வேலையை மாற்றிக்கொள்ளும்.

டிஸ்க்கில் இந்தச் சலுகை இல்லை. கேலிப்பர் என்ற கிடுக்கி, சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் பேடுகளால் கவ்வுகிறது. கவ்வும் திசையும் தட்டு சுற்றும் திசையும் ஒன்றுக்கொன்று குறுக்கே இருப்பதால், தட்டு பேடை இழுத்து இறுக்க வழியில்லை. எவ்வளவு அழுத்தினோமோ அவ்வளவுதான் கிடைக்கும். ஒரே அளவு தள்ளுவிசைக்கு, ட்ரம் தரும் பிடி டிஸ்க் தருவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இதை ஈடுகட்டத்தான் கேலிப்பருக்குப் பெரிய பிஸ்டன் வைக்கிறார்கள். வீல் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் 19 மி.மீ. என்றால், பின்சக்கரக் கேலிப்பரில் 34 மி.மீ. அளவில் இருக்கும், பரப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேல்.

கைப்பிரேக்கிலும் இந்தச் சுயப்பிடிப்பு கைகொடுக்கிறது. ஒரு கம்பியைக் கையால் இழுத்தே ஏற்றத்தில் காரை நிறுத்திவைக்க முடிவது இதனால்தான். பின்னால் டிஸ்க் உள்ள கார்களில் இதற்கென்றே கேலிப்பருக்குள் தனித் திருகு ஏற்பாடு வைப்பார்கள், இல்லையேல் டிஸ்க்கின் நடுவிலேயே கைப்பிரேக்குக்காக ஒரு குட்டி ட்ரம்மை ஒளித்து வைப்பார்கள்! விரட்டிவிட்ட மருமகளைச் சமையலுக்கு மட்டும் கூப்பிட்ட கதை.

இப்போது மாற்றிப் பார்ப்போம்

நம் இளைஞர் முடிவெடுத்துவிட்டார். பழைய உதிரி பாகக் கடையில் வேறொரு காரின் பின்சக்கர டிஸ்க்கும் கேலிப்பரும் கிடைத்தன. லேத் கடையில் ஒரு பிராக்கெட் வெட்டி வெல்டு வைத்து மாட்டியாகிவிட்டது. பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுத்தாகிவிட்டது. பெடல் கட்டைபோல உறுதியாக இருக்கிறது. அலாய் வீலுக்குள்ளே பளபளவென்று தட்டு தெரிகிறது. இனி அதே 80 கி.மீ. வேகம், அதே சாலை.

முதல் வகை: கேலிப்பர் பெரியது. பின்பக்கம் 22 பங்குக்குப் பதில் 30 பங்கு பிரேக் கிடைக்கிறது. பெடலை அழுத்திக்கொண்டே போகும்போது, டயர்கள் தரக்கூடிய முழுப் பிடிப்பை எட்டுவதற்கு வெகு முன்பே பின்சக்கரங்கள் இறுகிவிடும். அவை இறுகாதபடி கவனமாக அழுத்தினால் கார் நிற்க ஆகும் தூரம் சுமார் 38 மீட்டர். கவனமில்லாமல் மிதித்தால் தூரம் முக்கியமே அல்ல; கார் எந்தத் திசையைப் பார்த்து நிற்கும் என்பதுதான் கேள்வி.

இரண்டாம் வகை: கேலிப்பர் சிறியது, பழைய வீல் சிலிண்டர் அளவே பிஸ்டன். சுயப்பிடிப்பு போய்விட்டதால் பின் பிரேக்கின் பலம் மூன்றில் ஒன்றாகக் குறையும். ஏறக்குறைய எல்லா வேலையும் முன்சக்கரங்களின் தலையில் விழும். அவை சீக்கிரமே இறுகும். கார் நேராகத்தான் போகும். ஆனால் நிற்க ஆகும் தூரம்? இதுவும் சுமார் 38 மீட்டர்.

முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது நான் எண்களைத் திரும்பச் சரிபார்த்தேன். பின்னால் பிரேக் கூடினாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம். நஷ்டம் ஏறக்குறைய ஒரே ஏழு மீட்டர். ஒன்றரைக் கார் நீளத்துக்கும் அதிகம். செலவு செய்து வாங்கிய ஏழு மீட்டர்.

சரியான அளவுக் கேலிப்பர், அதற்கேற்ற பங்கீட்டு வால்வு, மாஸ்டர் சிலிண்டர், கைப்பிரேக் கம்பி எல்லாம் பொருத்திச் சோதனை ஓட்டமும் செய்தால்? அப்போது 31 மீட்டரில் நிற்கும். அதாவது ட்ரம் இருந்தபோது நின்ற அதே இடத்தில்.

ஏ.பி.எஸ். இருந்தால் சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் என்பது சரியே. ஆனால் இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். பழைய சான்ட்ரோக்களில் பெரும்பாலும் கிடையாது. இன்னொன்று, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று அந்தப் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் குனிந்து பார்க்கும்போது லேத் கடை பிராக்கெட் கண்ணில் படும்.

மலையிலிருந்து இறங்கும்போது

இவ்வளவு சொன்னதால் டிஸ்க் வீண் என்று ஆகிவிடாது. சமவெளியில் ஒருமுறை நிற்பது ஒரு கதை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது வேறு கதை. நம் கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல், 80 கி.மீ. வேகத்திலிருந்து 40 தடவை நின்றதற்குச் சமம். இடையில் ஆற நேரமில்லை. கால் மெல்ல அழுத்தியபடியே இருப்பதால் எடைப் பெயர்வும் குறைவு. பின் பிரேக்குக்கு இப்போது கூடுதல் பங்கு.

சூடேறிய ட்ரம் விரியும். விரியும்போது ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கும் சூட்டில் தன் உராய்வை இழக்கும். இதுதான் பிரேக் தளர்ச்சி. சுயப்பிடிப்பின் மறுபக்கமும் இங்கே தலைகாட்டும்: உராய்வு கொஞ்சம் குறைந்தாலே, இழுத்து இறுக்கும் வித்தையும் சேர்ந்து குறைவதால் பிடி மளமளவென்று சரியும். டிஸ்க்குக்கு இந்தச் சங்கடம் இல்லை. சூட்டில் தடிக்கும் தட்டு பேடை நோக்கித்தான் வரும், வெட்டவெளியில் இருப்பதால் சீக்கிரம் ஆறும்.

பந்தயக்காரர்களுக்கு டிஸ்க் பிடித்துப்போனது இதனால்தான். 1902-இல், ஒரே ஆண்டில், பிரான்சில் லூயி ரெனோ ட்ரம் பிரேக்கை வடிவமைத்தார், இங்கிலாந்தில் ஃபிரெட்ரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ரெனோவின் ட்ரம் உடனே ஊரெல்லாம் பரவியது. லான்செஸ்டரின் செம்புப் பேடுகள் கீச்சிட்டுக் காதைக் கிழித்தன. டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இங்கே சென்னையில் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது 1962-இல். பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து டி.வி.எஸ். குழுமம் உருவாக்கிய நிறுவனம் அது.

மழையிலும் டிஸ்க்குக்குச் சாதகம் உண்டு. தேங்கிய தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தால், தட்டு நீரைச் சுழற்றி எறிந்துவிடும். சட்டிக்குள் புகுந்த நீர் சற்று நேரம் உள்ளேயே கிடக்கும். அப்போது மெதுவாகப் போய்க்கொண்டே பெடலை இலேசாக அழுத்தி ஷூவைக் காயவைக்க வேண்டும். பழைய ஓட்டுநர்களுக்கு இது கை வந்த பழக்கம்.

ட்ரம் திரும்பி வருகிறது

வேடிக்கை என்னவென்றால், ஃபோக்ஸ்வாகனின் மின்கார்களான ஐ.டி.3, ஐ.டி.4 இரண்டிலும் பின்னால் ட்ரம்தான். விலையில் அவை சான்ட்ரோவின் ஜாதியே அல்ல. மின்காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் செய்துவிடுகிறது. பின் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலையில்லாமல் திறந்து கிடக்கும் டிஸ்க் துருப்பிடிக்கும்; மூடிய சட்டிக்குள் இருக்கும் ஷூ பத்திரமாக இருக்கும். தேய்மானத் தூசும் உள்ளேயே அடங்கும். ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் புகையோடு நில்லாமல் பிரேக் தூசுக்கும் வரம்பு வைப்பதால், இது இனி சின்ன விஷயமல்ல.

கழற்றிப் பார்த்தால்

பழைய காரில் பின் பிரேக் பிடிக்கவில்லை என்று தோன்றினால், முதலில் ட்ரம்மைக் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். வீல் சிலிண்டர் கசிந்து ஷூவில் ஆயில் படிந்திருக்கலாம். ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். அதைச் சரிசெய்யும் ஏற்பாடு தூசியில் இறுகி நகராமல் கிடக்கலாம். ட்ரம்மின் உட்சுவரில் பள்ளம் விழுந்திருக்கலாம். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினோம் என்று யோசியுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலைக்கான தரவரம்பு, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140 டிகிரி. மலைச்சாலையில் அது கொதித்துக் குமிழி விட்டால், பின்னால் என்ன மாட்டியிருந்தாலும் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும்.

உள்ளே படிந்த பழுப்புத் தூசைக் காற்றடித்து ஊத மட்டும் விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

துடைத்ததும் இரண்டு ஷூக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் முன்பக்க ஷூவின் லைனிங் பின்பக்கத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். முட்டுக்கட்டை வேலை பார்த்தது அதுதான்.